பிள்ளைக்காம்பரா வாசலுக்குத் தூணில்லாத கூரை

தூண் வைக்காமல் சுவரிலிருந்து கொங்கிரீட் தட்டை வெளியே நீட்டிக் கட்டுகிறவனுக்கு, மழை பெய்தால் சோறு இறங்காது. சிமெந்தில் கை வைத்துச் சீரழிந்தவர்களே, உங்களுக்கு இது புரியும்.

துரைக்கு மலை தெரிய வேண்டும்

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருஷமாகியும் எங்கள் வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைதான். பங்களா மாடிக்கு பால்கனி கேட்டார். தூண் நட்டால் மலை மறைக்குமாம். கம்பியைத் தட்டின் மேல்பக்கமாக ஓட்டி, சுவருக்குள் ஆழமாகச் செருகிக் கட்டினேன்.

தட்டு இறுகும்வரை அடியில் தாங்கி நின்ற மர முட்டுக்கட்டைகளைப் பிரித்த அன்று என்னை அதன் கீழே நிற்கச் சொல்லிவிட்டு, அவர் எட்டப் போய் நின்றார். தோட்டத்தில் கொத்தனாருக்குப் பேர் பாஸ். வேலை மேற்பார்க்கும் கண்டாக்கையா எனக்கு ஆறுதல் சொன்னார்: "பயப்படாதீங்க பாஸ், விழுந்தா தொரைக்கு ஒண்ணும் ஆவாது."

வாசலில் நிற்கும் தாய்மார்

கொழுந்து பறிக்கும் பெண்கள் வேலைக்கு நடுவே பிள்ளைக்காம்பராவுக்கு ஓடி வந்து, அங்கே விட்டிருக்கும் குழந்தைக்குப் பால் கொடுப்பார்கள். உள்ளே இடமில்லை. மழையானாலும் வாசல்தான். நிறைமாத வயிற்றோடு செல்லம்மா என்னைக் காணும்போதெல்லாம் கூரை கேட்டாள். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

பால்கனியில் மிஞ்சிய சிமெந்தையும் கம்பியையும் துரையிடம் கெஞ்சி வாங்கினேன். வாசலை ஒட்டி லொறி போவதால் இங்கேயும் தூணுக்கு இடமில்லை. முட்டுக் கொடுத்துத் தட்டு வார்த்ததும் செல்லம்மா அண்ணாந்து பார்த்தாள். "எம்புள்ளயாவது நனையாம பால் குடிக்கட்டுங்க."

முட்டு

மழைக்காலத்தில் கொங்கிரீட் இறுக நாள் பிடிக்கும். முட்டுக்கட்டைகளைத் தொடாதீர்கள் என்று, தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்ச் சொன்னேன். ஒரு நாள் காலை வந்து பார்த்தால் தட்டு தரையில் உடைந்து கிடக்கிறது. முட்டுக்கட்டை ஒன்றையும் காணோம். நல்ல வேளை, கீழே யாரும் இல்லை. துரை, இனி ஒரு பிடி சிமெந்தும் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

எடுத்தவன் தானாகவே வந்து நின்றான்: செல்லம்மாவின் புருஷன் முத்தையா. முந்தின ராத்திரி அவளுக்குப் பிரசவ வலி கண்டிருக்கிறது. வெந்நீர் போட விறகில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கையை ஓங்கிவிட்டேன். அவன் நகரவில்லை.

"தோட்டம் பூரா ஈர வெறகுங்க பாஸ். ஒங்க தட்டுக்கடியில இருந்த கட்டதான் காஞ்சு கெடந்திச்சி. கொங்கிரீட்டு எறுகுற வரைக்கும் புள்ள வயித்துலயே இருக்குமாங்க?"

பிள்ளைகளுக்காக நான் கட்டிய அந்த ஒரே கூரை, விழும்வரை நனையாமல் காத்தது விறகைத்தான்.