என் இதயத்துக்கு டச்சப் செய்தவர்

படபடப்பு என்று மதுரைக்குப் போனால், டாக்டர் என் இ.சி.ஜி.யைப் பார்த்துவிட்டு மதில்மேல் பூனையாக உட்கார்ந்துகொண்டார்.

"பார்டர்லைன்மா. சில பேருக்கு இயல்பாவே இப்படி இருக்கும். நோயோட ஆரம்பமாவும் இருக்கலாம். ஒரு மாசம் கழிச்சு இன்னொண்ணு எடுத்து, ஒப்பிட்டாத்தான் தெரியும். இதைப் பத்திரமா கொண்டுவாங்க."

அட ஆண்டவரே, இதைச் சொல்லவா அத்தனை ஒயரை மாட்டினார்கள்!

அறுபதுகளில் நான் சிவகாசியில் டீச்சர். என் வீட்டுக்காரர் லித்தோ பிரஸ்ஸில் பட்டாசு லேபிள் வரைபவர். விஷயம் தெரிந்ததும் தெரு என்னைப் பாதிப் பிணமாக்கிவிட்டது. மாமியார் தண்ணீர்க் குடத்தைத் தொட விடவில்லை. அதுவரை நல்லதுதான். பக்கத்து வீட்டுக்காரி என் ஐந்து வயது மகளைப் பார்த்து உச்சுக்கொட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. நான் போய்விட்டால் இவளுக்குத் தலைசீவிவிட யார் இருக்கிறார்கள்? மாதம் முழுக்க அதே பயம்.

மறுமாதம் டாக்டர் பழைய இ.சி.ஜி. ஒட்டிய அட்டையை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"மனுசங்க இதயம் இவ்வளவு அழகா அடிக்காதும்மா. எல்லாத் துடிப்பும் ஒரே அச்சா இருக்கு."

ஈர விரலால் தடவினார். மை ஒட்டிக்கொண்டு வந்தது. திரும்பினேன். என் வீட்டுக்காரர் விட்டத்தைப் பார்த்தார்.

"கோடு அங்கங்க தொங்கிக் கெடந்துச்சு சார். பிரஸ்ஸுல அப்படி இருந்தா டச்சப் பண்ணித்தான் குடுப்போம்."

"அட கூறுகெட்ட மனுசா! பட்டாசு லேபிள்னு நெனச்சீகளா? இப்ப எதோட ஒப்பிடுறது?" என்று கத்தினேன்.

ஒப்பிட ஒன்றுமில்லை. டாக்டர் புதிதாக ஒன்று எடுத்து, தன் மேசை இழுப்பறையிலேயே பூட்டிக்கொண்டார். இன்னும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும்.

பஸ்ஸில் விருதுநகர் வரும்வரை வாய் ஓயாமல் திட்டினேன். "ஒரு மாசம் செத்துப் பொழைச்சேன். இன்னொரு மாசம் சாகணுமா?"

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீ பள்ளிக்கூடம் போனதும் தெனமும் அதை எடுத்துப் பாப்பேன். அந்தக் கோடு எறங்குற எடத்தைப் பாத்தா, நீ போயிருவியோன்னு பயமா இருக்கும். பாத்துக்கிட்டு சும்மா இருக்க முடியல."



அடுத்த முறையும் கோடு அதே இடத்தில் அப்படியேதான் தொங்கியது. டாக்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஒண்ணும் மாறலை. உங்க இதயத்தோட வாகே இதுதான்மா. தைரியமா போயிட்டு வாங்க."

நான் எழுந்து செருப்பைத் தேடினேன். என் வீட்டுக்காரர் எழவில்லை. டாக்டர் முன்னாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதார்.