அண்ணன் விட்டுச் சென்ற எஞ்சினின் விலை

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பாதிப் பேர் இந்த ஓராண்டில் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "அந்தப் பழைய எஞ்சின் என்ன விலைக்குப் போச்சு?" தொலைபேசியில் கேட்டீர்கள், கல்யாணப் பந்தியில் கேட்டீர்கள், கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நின்றபோதும் கேட்டீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. தங்கை என்ற முறையில் இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

அண்ணன் பிறந்தது செம்பவாங்கில், அப்பா வேலை பார்த்த கப்பல் பட்டறைக் குடியிருப்பில். எங்கள் மூவரில் மூத்தவர். அப்பா திடீரென்று தவறியபோது அண்ணன் உயர்நிலைப் பள்ளியில் இருந்தார். படிப்பை அப்படியே விட்டுவிட்டு புக்கிட் பாத்தோக்கில் ஒரு கார் பட்டறையில் சேர்ந்தார். எங்கள் பள்ளிச் சீருடையும் என் திருமணமும் தம்பியின் படிப்பும் அந்த வேலையிலிருந்து வந்தவை. இதற்கு மேல் எழுதினால், "போதும், ரொம்ப படம் காட்டாதே" என்று அண்ணனே சொல்லியிருப்பார்.

பின்னாளில் பழைய கார்களின் எஞ்சின்களை வாங்கி விற்பதே அவர் தொழிலாயிற்று. தம்மைவிட வயதில் மூத்த காரை வைத்துக்கொண்டு அல்லாடும் மனிதர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாம் அண்ணனைத் தேடி வந்தார்கள். எஞ்சினை முதலில் கையால் சுழற்றிப் பார்ப்பார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நுனியின் நிறம் பார்ப்பார். எண்ணெயை விரலில் தேய்த்து, தண்ணீர் கலந்து வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பார். இதெல்லாம் எந்த மெக்கானிக்கும் செய்வதுதான்.

அண்ணனுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. விற்கிறவர் தம் பொருளின் குறைகளைச் சொல்ல வேண்டும். வாங்குகிறவர் அதன் நிறைகளைச் சொல்ல வேண்டும். இரண்டும் முடியும்வரை யாரும் விலையைப் பற்றி மூச்சு விடக் கூடாது. "எல்லாரும் தலைகீழா பேசுறதாலதான்லா சண்டை வருது" என்பார். கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு, எழுந்து போனவர்களும் உண்டு. இந்த வழக்கத்தால் அண்ணன் மாடி வீடு ஏதும் கட்டிவிடவில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

கடைசி நான்கு ஆண்டுகள் டயாலிசிஸ். வாரத்தில் மூன்று நாள் அண்ணியும் நானும் மாறி மாறி அழைத்துப் போனோம். பட்டறையை விட்டாயிற்று. துருப்பிடித்த அவருடைய சொந்தக் காரும் பழைய இரும்புக்குப் போயிற்று. அதன் எஞ்சினை மட்டும் விடமாட்டேன் என்று வீட்டுச் சேமிப்பறைக்குக் கொண்டுவந்து, இரும்புச் சட்டத்தில் ஏற்றி வைத்தார். கடைசி ஆயுத பூஜையன்று அதற்குத் தாமே சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். கை நடுங்கியதில் பொட்டு உள்ளங்கை அகலத்துக்குப் பரவிவிட்டது. அண்ணி அதைத் தொடாமல் வைத்திருந்தார்.

அண்ணன் போன பிறகு, மார்சிலிங்கில் என் வீட்டோடு வந்துவிடும்படி அண்ணியைக் கேட்டேன். எஞ்சினையும் கூட்டிக்கொண்டு வர என் வீட்டில் இடமில்லை. விற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் ஆளாளுக்கு விலை சொன்னீர்கள். இணையத்தில் பார்த்ததாக ஐயாயிரம் டாலர் என்றார் ஒருவர். பழைய இரும்பு, இருநூறு வந்தால் பெரிது என்றார் இன்னொருவர். கேட்டுக் கேட்டு எனக்கு அந்த எஞ்சினைப் பார்த்தாலே தலைவலி வந்தது.

கடைசியில், சிராங்கூன் சாலைப் பக்கம் கடை வைத்திருக்கும் ஒருவர் வந்தார். தம் தகப்பனாரின் காரை மறுபடி ஓட வைக்க வேண்டும் என்று அதே வகை எஞ்சினைத் தேடிக்கொண்டிருந்தார். சுழற்றினார், பிளக் பார்த்தார், கருவி வைத்து நான்கு சிலிண்டர்களின் அழுத்தமும் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நல்ல பொருள்க்கா. மூவாயிரம் வெள்ளி தர்றேன்."

"இருங்க தம்பி, நாங்க இன்னும் குறையே சொல்லலையே" என்றார் அண்ணி.

அவர் விழித்தார். அண்ணனின் வழக்கத்தை நான் விளக்கினேன். பின்பக்கம் எண்ணெய் கசியும், மழை நாளில் கிளப்பச் சிரமம் என்று அண்ணி சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். மீதி என்ன என்று எனக்குத் தெரியும்.

பல வருடங்களுக்கு முன் ஜோகூரிலிருந்து திரும்பும்போது, எல்லைப் பாலத்து நெரிசலில் எஞ்சின் கொதித்துவிட்டது. ஆறட்டும் என்று நாங்கள் எல்லோரும் கத்தினோம். அண்ணனுக்குப் பொறுமை ஏது? ஐஸ் தண்ணீரை ஊற்றினார். பக்கவாட்டு இரும்பில் விரிசல் விழுந்தது. அதைப் பிறகு வெல்டிங் வைத்து ஓட்டினார். அந்தத் தழும்பின் மேல்தான் அவர் வைத்த பொட்டு இருந்தது.

"நான் தொடைக்கட்டுமா அண்ணி?" என்று கேட்டேன்.

"வேணாம்மா. நானே பாத்துக்குறேன்."

பதினாறாம் நாளன்று அண்ணியின் நெற்றிப் பொட்டை அழிக்க நாங்கள் சம்மதிக்கவில்லை. சில பெரியவர்களுக்கு அதில் வருத்தம் உண்டு. எஞ்சினை விற்ற அன்று அண்ணி ஈரத்துணியால் எஞ்சினின் பொட்டைத் தம் கையாலேயே துடைத்தார். காய்ந்த சந்தனம் லேசில் வரவில்லை. நானும் வாங்க வந்த அந்தத் தம்பியும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

தழும்பு தெரிந்தது. அந்தத் தம்பி விரலால் தடவிப் பார்த்தார்.

"நான் நல்லதச் சொல்லணும்ல?" என்றார் பிறகு. "வெல்டிங் ஓரத்துல கசிஞ்ச கறையே இல்லக்கா. நாலு சிலிண்டரும் ஒரே மாதிரி இருக்கு. இத யாரோ புள்ளையாட்டம் பாத்திருக்காங்க." தயங்கிவிட்டு, "ஆயிரத்து எண்ணூறு, முடியுமா?" என்றார்.

அண்ணி என்னைப் பார்த்தார். "உங்க அண்ணன் என்னம்மா சொல்லியிருப்பாரு?"

"அதேதான் சொல்லியிருப்பாரு அண்ணி. தூக்கி ஏத்துற கூலிய மட்டும் இந்தத் தம்பி தலையில கட்டியிருப்பாரு."

அண்ணன் போன பிறகு அண்ணி சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஆக, விலை ஆயிரத்து எண்ணூறு வெள்ளி. "ஏமாந்துட்டீங்க" என்று சொல்ல நினைப்பவர்கள் தயவுசெய்து இந்தப் பக்கத்தை மறுபடி ஒருமுறை படியுங்கள்.

நினைவு மலரில் வீட்டார் நிறைகளை மட்டும் எழுதுவதுதான் முறை. ஆனால் அண்ணன் எங்களுடையவர். அவர் வழக்கப்படி குறை சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். அவர் அவசரக்காரர், முன்கோபி. எந்தக் கல்யாணத்துக்கும் தாலி கட்டும் நேரத்துக்கு வந்ததில்லை. தம்பியோடு ஒன்றுமில்லாத காரியத்துக்கு ஒரு வருடம் பேசாமல் இருந்தார். கால் வீங்கியபோதே மருத்துவரிடம் போகச் சொன்னோம்; கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

டயாலிசிஸ் நிலையத் தாதியருக்கும், நாங்கள் களைத்த நாட்களில் தம் வண்டியில் அண்ணனை ஏற்றிச் சென்ற பக்கத்து வீட்டுக்காரருக்கும், எஞ்சினை மின்தூக்கிவரை தள்ளிவந்த பழைய பட்டறைத் தோழர்களுக்கும் எங்கள் நன்றி. அந்த எஞ்சின் ஓடுகிறது என்று சென்ற மாதம் அழைத்துச் சொன்ன அந்தத் தம்பிக்கும் நன்றி.

திதிச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். குறைகளை நாங்கள் சொல்லிவிட்டோம். நிறைகளைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். அண்ணியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஆளுக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போங்கள். நானும் அங்கேதான் இருப்பேன். மிகவும் களைத்துவிட்டேன்; எனக்கும் கேட்க வேண்டும்.