நல்லெண்ணெய், கடுகெண்ணெய், எஞ்சின் ரப்பர்

போன ஜூலையில் ஒரு நாள். வங்காளத்தில் நாங்கள் இருக்கும் ஊரில், பாலிகஞ்ச் பக்கம் ஒரு பல் கிளினிக். பல் பிடுங்கிக்கொள்ள வாயைத் திறந்து உட்கார்ந்திருந்த ஒருவர், திடீரென்று வாயை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார். பாங்கில் அவசர வேலை இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்ததாம்.

பாங்காவது, வேலையாவது! அவர் பார்த்தது டாக்டரின் கையை. ஊசியைப் பிடித்திருந்த கை நடுங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் வேறு யாருமில்லை — என் மனைவி விஜி.

விஜிக்கு முப்பத்து நாலு வயது. நரம்புக் கோளாறு கிடையாது. காபிகூட ஒரு வேளைதான். பிறகு எதற்கு நடுக்கம்? அவளைப் பத்து நிமிடம் முன்னால் கிளினிக் வாசலில் இறக்கிவிட்டுப் போன என் மோட்டார் சைக்கிள்தான் காரணம்.

இந்த வண்டியைப் பற்றி நான் ஏற்கெனவே இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் பீற்றிக்கொண்டது உண்டு. புதிதாக வருகிறவர்களுக்காகச் சுருக்கமாக... எழுபதுகளின் ஆரம்பத்தில் இங்கிலாந்தில் செய்தது. எழுநூற்றைம்பது சிசி. ஒரு தேயிலைத் தோட்ட மானேஜர் ஊரைக் காலி செய்தபோது வாங்கினேன். பெஹாலாவில் எங்கள் சந்துக்குள் நுழைந்தால் மூன்றாம் மாடி வரைக்கும் ஜன்னலில் தலை தெரியும். தினமும் விஜியைப் பாலிகஞ்சில் விட்டுவிட்டு, வந்த வழியே திரும்பித் துறைமுக ஆபீசுக்குப் போவேன். சுற்று வழிதான். அந்த வண்டியில் சுற்றுவதற்குக் கசக்குமா என்ன?

இதில் ஒரு விசேஷம். எஞ்சினை ஃபிரேமோடு சேர்த்து இறுக்கி முறுக்கியிருக்க மாட்டார்கள். முன்னால் ஒரு குழாய், பின்னால் ஒரு குழாய். உள்ளே கனமான ரப்பர் வளையங்கள். அந்த ரப்பரில்தான் எஞ்சின் உட்கார்ந்திருக்கும். அது தன் பாட்டுக்கு ஆடும். மேலே இருப்பவருக்குத் தெரியாது. ஆனால் இருபத்தைந்து வருஷத்தில் என் வண்டி ரப்பர் காய்ந்து வெடித்துவிட்டது. எஞ்சினின் ஆட்டம் முழுக்க ஹேண்டில்பாருக்கும் சீட்டுக்கும் வந்துவிட்டது. விஜி சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருவாள். முக்கால் மணி நேரம் அதைப் பிடித்த கையால் ஊசி பிடித்தால் எப்படி இருக்கும்?

ஒரு வாரம் மினிபஸ்ஸில் போய்ப் பார்த்தாள். ஒன்றேகால் மணி நேரம் பஸ் கம்பியில் தொங்கிவிட்டு இறங்கினால் அதற்கும் கை நடுங்கியது. தினசரி டாக்ஸி எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

அவளுடைய சீனியர் டாக்டர் நல்ல மனுஷர். ஆனால் பேஷண்ட் எழுந்து ஓடுவதை எந்த நல்ல மனுஷர் பார்த்துக்கொண்டிருப்பார்? "கை சரியாகிற வரைக்கும் நீ கருவியைத் தொட வேண்டாம். கார்டு எழுது, போதும்" என்று சொல்லிவிட்டார். அஞ்சு வருஷம் படித்த படிப்பு... பெயர், வயது, எந்தப் பல் என்று எழுதுவதற்கா? அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை.

டிராம் டிப்போ பக்கம் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் பாபிதாவிடம், அதாவது பாபி அண்ணனிடம், ஓடினேன். பழைய வண்டி வைத்தியத்தில் கெட்டிக்காரர். அசல் ரப்பர் இந்த ஊரில் கிடைக்காது. சாந்த்ராகாச்சி பக்கம் ஒரு பட்டறையில் பழைய வளையத்தை மாதிரி காட்டிப் புதிதாக வார்த்து வாங்கினோம். பளபளவென்று, கறுப்பாக, கச்சிதமாக வந்திருந்தது.

அதைக் குழாய்க்குள் தள்ளுவதுதான் வேலை. இம்மி இடைவெளி இருக்காது. எதையாவது தடவித்தான் வழுக்கவிட வேண்டும். பாபிதா ஷெட் மூலையிலிருந்து கடுகெண்ணெய்ப் புட்டியை எடுத்தார். குளிக்கும் முன் அவர் உடம்பில் தடவுவதும் அதுதான், சாயங்காலம் பொரியில் பிசைவதும் அதுதான்.

"இருங்க பாபிதா. கடுகெண்ணெய் காரம். ரப்பரை எரிச்சுடும். நல்லெண்ணெய் கொண்டு வரேன். குளிர்ச்சி!"

"தாதா, சமையலுக்குச் சொல்றீங்களா, எஞ்சினுக்குச் சொல்றீங்களா?" என்று அவர் வங்காள மொழியில் கேட்டார். தாதா என்றால் இங்கே அண்ணன். வண்டி என்னுடையது. அதனால் நல்லெண்ணெய் ஜெயித்தது.

அன்று சனிக்கிழமை. நான் சமையலறையிலிருந்து நல்லெண்ணெய் எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்து விஜிக்கு சந்தோஷம். ஒருவழியாக மனுஷன் எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போகிறான் என்று நினைத்தாளாம்.

மூன்று வாரம் சொர்க்கம்! எஞ்சின் ஓடுவதே தெரியவில்லை. விஜி மறுபடி ஊசி பிடித்தாள். நாலாவது வாரம் சீட்டில் லேசாக ஒரு கிர்ர்... அஞ்சாவது வாரம் பழைய குருடி கதைதான். விஜி மறுபடி கார்டு எழுதப் போனாள்.

பாபிதாவுக்கு உள்ளூரச் சந்தோஷம் என்று நினைக்கிறேன். "நான் அப்பவே சொன்னேன். நல்லெண்ணெயில பிடிப்பே கிடையாது." இன்னொரு செட் வார்த்து வாங்கினோம். அது வந்த நாள் பார்த்து விஸ்வகர்மா பூஜை. ஸ்பேனருக்கெல்லாம் குங்குமம் வைத்து வரிசையாகப் படுக்க வைத்திருந்தார். அன்றைக்கு அதைத் தொடச் சொல்ல முடியுமா? மறுநாள், ஏகப்பட்ட கடுகெண்ணெயோடு ரப்பர் உள்ளே போனது.

அதுவும் அஞ்சு வாரம்தான். துர்கா பூஜை லீவு முடிந்து கிளினிக் திறந்த வாரமே விஜியின் கையிலிருந்து, வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடி நழுவிக் கீழே விழுந்தது. சீனியர் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்" என்றார், அவ்வளவுதான்.

நான் ஆடிப்போய்விட்டேன். யாரைத்தான் கேட்கவில்லை? துறைமுக ஒர்க்‌ஷாப் ஃபோர்மேனைக் கேட்டேன். எஸ்டிடி பூத்தில் நின்று, சென்னையில் லாரி வைத்திருக்கும் மாமாவைக் கேட்டேன். பழைய ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் பாயைக் கேட்டேன். ஆளுக்கொரு எண்ணெய் சொன்னார்கள். விளக்கெண்ணெய்கூட ஒருத்தர் சொன்னார்!

மூன்றாவது செட் வந்த ஞாயிற்றுக்கிழமை, விஜியும் ஷெட்டுக்கு வந்தாள். இந்தத் தடவையும் சரியாகாவிட்டால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வருவது என்று பேச்சு. பாபிதா ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "உட்காருங்க பௌதி." இந்த ஊரில் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பௌதி உட்காரவில்லை. கழற்றிப் போட்டிருந்த பழைய வளையத்தைக் கையில் எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். ஊதிப் போய், கொழகொழவென்று விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மோந்து பார்த்தாள்.

"இதுல என்னத்தத் தடவுனீங்க?"

"கடுகெண்ணெய். போன தடவை நல்லெண்ணெய்" என்றேன், ஏதோ ஆராய்ச்சி முடிவை அறிவிப்பது மாதிரி.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ரப்பர்ல போய் யாராவது எண்ணெய் தடவுவாங்களா? கையில க்ரீம் தடவிட்டு க்ளவுஸ் மாட்டினாலே கொஞ்ச நேரத்துல இளகிக் கிழிஞ்சிரும். காலேஜ்ல முதல் வாரமே சொல்லிக் குடுத்துருவாங்க. இதுவும் அதே ரப்பர்தானே?"

பாபிதா மெதுவாகக் கடுகெண்ணெய்ப் புட்டியை மூடி, பழைய மூலையில் கொண்டுபோய் வைத்தார்.

"அப்ப எதைத் தடவுறது பௌதி?"

"சோப்புத் தண்ணி."

"காஞ்சா ரப்பர் குழாயோட பிடிச்சுக்குமே!"

"பிடிச்சுக்கிட்டா நல்லதுதானே?"

பாபிதா யோசித்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "ஆமா தாதா, நல்லதுதான்" என்றார். துணி துவைக்கிற சோப்பை வாளியில் கரைத்து, குழாய்க்குள் நுரையைத் தடவித் தள்ளினார். அஞ்சு நிமிடத்தில் வளையம் போய் உட்கார்ந்துகொண்டது.

இப்போது அஞ்சு மாதம் ஆகிறது. ரப்பர் இம்மியும் அசையவில்லை. விஜி தினமும் பல் பிடுங்குகிறாள். போன வாரம் கோணலாக வேர்விட்ட ஒரு கடைவாய்ப் பல்லை, சீனியர் டாக்டரே பக்கத்தில் நின்று பார்க்க, சுத்தமாக எடுத்தாளாம். அதை என்னிடம் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்!

நாம் ஊரெல்லாம் போய் யோசனை கேட்போம். வீட்டில் இருக்கிறவருக்கு விஷயம் தெரிந்திருக்கும் என்று மட்டும் தோன்றாது. தினமும் ரப்பரில் கை விட்டுப் பிழைப்பவள், தினமும் காலையில் என் முதுகுக்குப் பின்னால்தான் உட்கார்ந்து வந்தாள்...

இதோடு முடித்து, நல்ல முடிவுதான் என்று திருப்திப்பட்டு, அச்சுக்கு அனுப்பும் முன் விஜியிடம் படிக்கக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே படித்தாள். கடைசிப் பக்கத்தில் சிரிப்பைக் காணோம்.

"எல்லாம் சரி. ஒண்ணு விட்டுப்போச்சு. அந்த பேஷண்ட் எழுந்து போறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே, வண்டி ரொம்ப நடுங்குது, கையெல்லாம் மரத்துப் போகுதுன்னு உங்ககிட்ட சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. நன்றாகவே இருந்தது. அதனால்தான் எழுதாமல் விட்டிருந்தேன்.

"பின்னாடி ஒழுங்கா உட்காரத் தெரியலை உனக்கு" என்று சொன்னேன்.

"அதையும் எழுதுங்க" என்றாள்.

எழுதிவிட்டேன்.