தவக்காலத்து ரிப்போர்ட்

மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிறு. காலைப் பூசைக்கு நான் வலது காலில் ஷூவும் இடது காலில் ரப்பர் செருப்புமாகப் போனேன்.

பார்த்தவர்கள் சும்மா விடுவார்களா? கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான். “ஸ்கூட்டர் ஸ்டாண்டு பட்டுருச்சு.” கோயில் வாசலில் ஏழு பேரிடம் பொய் சொல்லிவிட்டு உள்ளே போனேன். முழந்தாளிட முடியவில்லை. கடைசி பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

ஸ்டாண்டு பாவம், அது என்ன செய்யும்? அன்று விடிந்து எழுந்து காலைத் தரையில் வைத்தபோதே இடது பெருவிரல் பழுத்த தக்காளி மாதிரி சிவந்து வீங்கியிருந்தது. போர்வை நுனி பட்டாலே உயிர் போய் வந்தது. முந்தின நாள் மதியம் சேவுகம்பட்டியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பிரியாணி இரண்டு முறை, ஈரல் வறுவல் மூன்று முறை, குடல் குழம்பு... அதை எண்ணவில்லை. நல்ல வெயில். தண்ணீர் குடிக்கத்தான் மறந்துவிட்டேன்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு தகவல். நான் ஓய்வு பெற்ற பி.டி. வாத்தியார். முப்பத்திரண்டு வருஷம் வேப்பமரத்து நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விசில் ஊதி, மற்றவர்களை ஓடவிட்டவன். என் உடம்பில் ஒழுங்காக உடற்பயிற்சி செய்த பாகம் கன்னம் மட்டும்தான்.

மனைவி பிலோமினா ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். ஸ்டாண்டு கதையெல்லாம் அவளிடம் செல்லாது.

“ஸ்டாண்டு பட்டா நகம் கறுக்கும். இது மூட்டுல சிவந்திருக்கு. நாளைக்குக் காலைல டாக்டர்ட்ட போறோம்” என்றாள்.

போனோம். டாக்டர் கலைவாணி. சின்னாளபட்டி நெசவுக் குடும்பத்துப் பெண், என்னிடம் படித்த பிள்ளை. பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் வரும். பஸ் லேட்டானால் அதுவும் லேட். லேட்டாக வந்தால் கிரவுண்டை இரண்டு ரவுண்டு ஓட வேண்டும் என்பது அப்போது என் சட்டம். எனக்கு அது ஞாபகம் இருந்தது. டாக்டருக்கும் இருந்தது என்பதுதான் கொஞ்சம் சங்கடம்.

விரலைத் தொடாமலேயே பார்த்துவிட்டு, “யூரிக் ஆசிட் எப்ப சார் பார்த்தீங்க?” என்றார்.

இந்தக் கேள்விக்காகத்தானே காத்திருந்தேன். பையிலிருந்து ஃபைலை எடுத்து மேஜையில் வைத்தேன். ஐந்து வருஷ ரிப்போர்ட். 5.8, 5.6, 5.9... கறி கூடினால் அதுவும் கூடும், ஏழு வரை பரவாயில்லை என்பார்கள். எனக்கு ஒன்றுகூட ஆறைத் தாண்டவில்லை. ஒவ்வொரு வருஷமும் புது ரிப்போர்ட் வந்ததும் ஒரு காப்பி எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிடுவேன். பிலோ கறியைக் குறைக்கச் சொன்னால் நான் வாயே திறப்பதில்லை. ஃபிரிட்ஜைக் கை காட்டுவேன்.

டாக்டர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். “நம்பர் எல்லாம் நல்லாத்தான் இருக்கு...” என்றவர் மறுபடி முதல் தாளுக்குப் போனார். “ஏன் சார், எல்லா டெஸ்ட்டுமே மார்ச்சு, ஏப்ரல்லயே இருக்கு?”

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

பிலோ தாள்களை வாங்கித் தேதிகளை விரல் வைத்துப் படித்தாள். பிறகு சொன்னாள். “தவக்காலம்மா.”

டாக்டருக்குப் புரியவில்லை. பிலோ விளக்கினாள். “ஈஸ்டருக்கு முன்னால நாப்பது நாளு நாங்க கறி மீனு சாப்பிட மாட்டோம். இவரு முட்டைகூடத் தொட மாட்டாரு. அம்புட்டு பக்தின்னு நானும் நினைச்சேன். கடைசி வாரத்துல போயி ரத்தம் குடுத்துட்டு வந்திருக்காரு. அஞ்சு வருஷமா.”

“பரிட்சைக்குப் படிச்சுட்டுப் போறது ஒரு தப்பா?” என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

வாசகர்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? முதல் வருஷம் நான் நிரபராதி. எங்கள் பங்குக் கோயிலில் இலவச மருத்துவ முகாம் நடத்தினார்கள். அது தற்செயலாகத் தவக்காலத்தில் வந்தது. நம்பரைப் பார்த்து நானே அசந்துபோனேன். இரண்டாவது வருஷம் முகாம் இல்லை. நானாகத்தான் லேபுக்குப் போனேன். காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் போனேன். ஆண்டவருக்காக இருந்த விரதத்தில் ஆட்டுக்கறிக்கு லைசென்ஸ் எடுத்தவன் இந்த மறைமாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

“கால் வலிதான, ரெண்டு மாத்திரையில சரியாகிரும்ல?” என்றேன், பேச்சை மாற்ற.

“வலி போயிரும் சார். நான் விரலைப் பார்த்துப் பயப்படலை” என்றார் டாக்டர். கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினார். இரண்டு தரம் பார்த்தார். “யூரிக் ஆசிட் கூடுனவங்களுக்கெல்லாம் ஹார்ட் அட்டாக் வரும்னு சொல்ல மாட்டேன். ஆனா அது பெரும்பாலும் தனியா வராது. பிரஷரு, சுகரு, கொழுப்பு, தொப்பைன்னு ஒரு கூட்டத்தோட வரும். இதயத்தைக் கெடுக்குறது இதுவேவா, இல்ல கூட வர்றதுகளான்னு இன்னும் ஆராய்ச்சி பண்ணிட்டுத்தான் இருக்காங்க. எதுவா இருந்தாலும் நாம பார்க்க வேண்டியது ஹார்ட்டை. உங்க பிரஷரும் கூடத்தான் இருக்கு.”

பிலோ என் சட்டை முனையைப் பிடித்துக்கொண்டாள். பொது இடத்தில் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

வீக்கம் இருக்கும்போது ரத்தத்தில் யூரிக் ஆசிட்டைச் சில நேரம் குறைத்துக் காட்டுமாம். அதனால் இரண்டு வாரம் கழித்து டெஸ்ட், ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுக்கலாம் என்றார். கிளம்பும்போது, “சாப்பாட்டைக் குறைங்க சார். ஆனா டெஸ்ட்டுக்காக மட்டும் விரதம் இருந்துட்டு வந்துராதீங்க” என்றார்.

கேட்பேனா? மறுநாளே விரதத்தை ஆரம்பித்துவிட்டேன்.

சுரைக்காய். அடுத்த நாள் புடலங்காய். மூன்றாம் நாள் மறுபடி சுரைக்காய். தண்ணீர் பாட்டிலும் கையுமாகத் திரிந்தேன். திருந்திவிட்டேன் என்று நினைத்தீர்களா? மனசுக்குள் ஒரே கணக்குத்தான் — இரண்டு வாரம் தாக்குப்பிடித்தால் ஏழுக்குள் கொண்டுவந்துவிடலாம். டெஸ்ட் முடிந்த அன்று மதியம் எந்தக் கடை என்பதுகூட முடிவாகிவிட்டது.

இரண்டாவது ஞாயிறு. டெஸ்ட்டுக்கு இரண்டே நாள். மதியம் தட்டைப் பார்த்தால் மட்டன் சுக்கா. கல்யாணமாகி முப்பத்துநான்கு வருஷத்தில் நான் கேட்காமல் பிலோ கறி எடுத்தது அன்றுதான்.

“எனக்கு வேணாம். ரசம் ஊத்து” என்றேன், ஒரு முனிவரின் குரலில்.

“சாப்பிடுங்க.”

“டாக்டர் குறைக்கச் சொல்லிருக்காங்கல்ல?”

“குறைச்சுத்தான் வச்சிருக்கேன். எப்பவும் சாப்பிடுறதுல பாதி. டெஸ்ட்டு முடிஞ்ச அன்னைக்கு எந்தக் கடைக்குப் போறதுன்னு போன்ல பேசிட்டு இருந்தீங்களே, கேட்டுச்சு.”



பிலோவின் அண்ணனைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். வேடசந்தூரில் ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசர். மில்லில் வருஷா வருஷம் செக்கப் உண்டு. செக்கப் வருகிறது என்றால் பத்து நாள் சிகரெட்டை விட்டு, உப்பைக் குறைத்து, நடையாக நடப்பார். ரிப்போர்ட் சுத்தமாக வரும். வந்த அன்றே பழைய ஆள். ஐம்பத்துமூன்று வயதில், வேலைக்குப் போகும்போது, மில் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போய்விட்டார்.

“எங்க அண்ணன் ரிப்போர்ட்டும் நல்லாத்தான் இருந்துச்சு” என்றாள் பிலோ. “அண்ணி இன்னும் பீரோவுல பத்திரமா வச்சிருக்காக. அண்ணன்தான் இல்ல. எனக்கு நல்ல நம்பர் வேணாங்க. உள்ளது உள்ளபடி நம்பர் வேணும். சாப்பிடுங்க.”

அழுதுகொண்டேதான் சொன்னாள். கரண்டியைக் கீழே வைக்கவும் இல்லை.

சாப்பிட்டேன். மிளகு தூக்கலாக, எனக்குப் பிடித்த பக்குவத்தில்தான் இருந்தது. ஆனால் இறங்கவில்லை. ஆட்டுக்கறி என் தொண்டையில் நின்றது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எனக்குப் பயமாக இருந்தது. எதிர் நாற்காலி காலியாக இருக்க, இவள் இந்த மேஜையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாளே என்ற பயம். அந்த நினைப்பு அதுவரை எனக்கு வந்ததே இல்லை என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ரிப்போர்ட் வந்தது. யூரிக் ஆசிட் 9.3. கொழுப்பும் எல்லை தாண்டியிருந்தது. பிரஷருக்கு மாத்திரை, யூரிக் ஆசிட்டுக்கு மாத்திரை. ஈ.சி.ஜி.யும் எக்கோவும் பரவாயில்லை. “இதயம் இப்போதைக்கு நல்லா இருக்கு சார்” என்றார் டாக்டர். அந்த ‘இப்போதைக்கு’ வீடு வரை கூடவே வந்தது.

“தினமும் நடக்கணும். நம்ம ஸ்கூல் கிரவுண்டுலயே நடங்களேன்.”

“எத்தனை ரவுண்டும்மா?”

“ரெண்டுல ஆரம்பிங்க சார்” என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

நான்கு நாளாக நடக்கிறேன். அந்தக் கிரவுண்டு இவ்வளவு பெரியது என்று எனக்கு யாருமே சொல்லவில்லை. முப்பத்திரண்டு வருஷம் அதை நாற்காலியிலிருந்தே பார்த்திருக்கிறேன். இரண்டாவது ரவுண்டில் வேப்பமரம் வரும்போது மூச்சு வாங்குகிறது. பஸ் லேட்டானதற்காக இதை ஓடிய பிள்ளைகள் எல்லாரும் என்னை மன்னிக்க வேண்டும்.

ஃபிரிட்ஜ் கதவிலிருந்து 5.8 இறங்கிவிட்டது. அந்த இடத்தில் 9.3 இருக்கிறது. தண்ணீர் எடுக்கப் போனாலும் அதுதான் கண்ணில் படுகிறது.

அடுத்த டெஸ்ட் எப்போது? “வர்ற மார்ச்சு மாசம் பார்த்துக்கலாம்ல...” என்று டாக்டரிடம் மெதுவாகக் கேட்டேன். டாக்டர் பிலோவைப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் பிலோ காலண்டரில் ஆகஸ்ட் மாதத்தைத் திருப்பிச் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டாள். எட்டிப் பார்த்தேன். எங்கள் பங்குத் திருவிழாவில் ஒரு நாள் அசனம் உண்டு. ஊரே வரிசையாக உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடும் விருந்து. வட்டம் விழுந்திருந்தது அதற்கு மறுநாள்.

இந்த முறை கேள்வித்தாள் கணக்கு டீச்சருடையது.