தடிக்குத் தட்டுப்படும் கோடு

மான் இறைச்சிப் பொட்டலங்களுக்கு நடுவே உறைந்து கிடந்த நான்கு மாதிரிப் பட்டைகளை, தரை இடைவெளியில் வைப்பவை, குளிர்பெட்டியிலிருந்து எடுக்கிறார் வெர்னா ஸ்கோகன். ஒவ்வொன்றையும் இரண்டு சிமென்ட் கற்களுக்கு நடுவே செருகி, வெள்ளைத் தடியால் ஐந்து முறை தட்டுகிறார். காதைச் சாய்த்துக் கேட்கிறார். மூன்று நாளாக இதே வேலை.

வயது எழுபத்தொன்று. பார்வை போனது இருபத்தாறில். அதன் பிறகு முப்பத்தோரு வருடம் பால் கூட்டுறவுச் சங்கத்தில் தொலைபேசி எடுக்கும் வேலை பார்த்தார். காப்பியை நின்றுகொண்டேதான் குடிப்பார். வானொலியில் பேஸ்பால் ஓடும்போது யார் வாயைத் திறந்தாலும் கையை உயர்த்தி அடக்கிவிடுவார்.

கராஜிலிருந்து சாலை வரை அவருடைய பாதை அறுபத்திரண்டு அடி. பழைய தரையில் பதினொரு விரிசல்கள். எல்லாம் அவருக்கு அத்துப்படி. கடைசி விரிசல் வந்தால் நிற்க வேண்டும், கையை நீட்டினால் தபால் பெட்டி. போன அக்டோபரில் தம்பி ஓரின், அக்காவை மகிழ்விக்க எண்ணி, விரிசல்களை ஒன்று விடாமல் பூசி மெழுகிவிட்டான். மறுநாள் காலை அவர் சாலைக்குள் இரண்டு எட்டு போய்விட்டார். பால் டேங்கர் ஒன்று கிறீச்சிட்டு நின்றது.

"இனிமே தபாலை நானே கொண்டு வரேன்," என்றான் ஓரின்.

"நீ செஞ்ச உபகாரமே போதும்டா," என்றார்.

குளிர்காலத்தில் அடிமண் உறைந்து உப்பி அந்தத் தரையைத் தூக்கி உடைத்துவிட்டது. புதிதாகப் போடத்தான் வேண்டும். கான்கிரீட் வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். அதற்காக நடுநடுவே 'ஜாயின்ட்' என்று இடைவெளி விட்டு மெத்தென்ற பட்டை வைப்பார்கள். கொத்தனார் டேல் குபியாக் ஃபோம் பட்டை வைத்து மேலே ரப்பர் பூசலாம் என்றான்.

"வெர்னாக்கா, கண்ணை மூடிட்டு நடந்தாக்கூட ஜாயின்ட் இருக்கறதே தெரியாது."

"நான் எப்பவும் அப்படித்தான்டா நடக்கறேன். எனக்குத் தெரியணும்."

உறைபனிக் காலத்திலும் எது தடிக்குத் தட்டுப்படும் என்று அறியத்தான் இந்தச் சோதனை. ஃபோம் உறைந்ததும் கல்லைப் போலவே ஒலித்தது. தார் ஊறிய அட்டையும் அப்படியே. கார்க் மட்டும் எந்தக் குளிரிலும் தடி நுனியை லேசாக வாங்கிக்கொண்டது. தேவதாருப் பலகை 'டொக்' என்று தனிக்குரலில் பேசியது.

"முதல் மூணு ஜாயின்ட்டுக்கு கார்க். ரோட்டோரம் மரம்."

"மரம் பத்துப் பன்னெண்டு வருஷத்துல இத்துப்போயிடும்க்கா."

"இத்தா மாத்து. நீ எங்கே ஓடிப்போகப் போறே?"

"ஒரே தரையில ரெண்டு தினுசா! பார்க்கறவன் என் வேலையைப் பத்தி என்ன சொல்வான்?"

"பார்க்கறவனுக்குத்தான் ரோடு தெரியுமே. அவனுக்காகவா போடறே?"

டேல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். பலகை வாங்கப் போனான்.

ஜூன் ஒன்பதாம் தேதி கான்கிரீட் ஊற்றினார்கள். ஏழு நாள் போதும் என்றான் டேல். வெர்னா எட்டு நாள் விட்டார். ஒன்பதாம் நாள் காலை தடியை இடமும் வலமும் வீசித் தட்டிக்கொண்டு இறங்கினார். டேல் அவருடைய முழங்கையை விடாமல் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான். கார்க். இன்னொரு கார்க். மூன்றாவது.

டொக்.

நின்றார். எதிரே ஒரு டேங்கர் இரைந்துகொண்டு கடந்தது. அதன் காற்றில் சட்டைக் கை படபடத்தது. டேலின் பிடி இறுகியது.

வெர்னா தடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, முழங்கையிலிருந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார்.