டாக்டரம்மா போட்ட மாமியார் பெஞ்சு

கட்டுமாவடியிலிருந்து மீன் கொண்டுவரும் பாய் அன்று எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தினார். தராசை எடுக்கவில்லை. "ஆத்தா, ஒங்க டாக்டரம்மா மவுத்தாயிட்டாங்க" என்று சாவுச் செய்தி சொன்னார். அம்மா கையிலிருந்த பாத்திரத்தோடு படியில் உட்கார்ந்துவிட்டார். "எங்க வீட்டுல மூணு புள்ளைங்களும் அவங்க கையிலதான் பொறந்துச்சு" என்று சொன்ன பாய், மேற்கொண்டு மீன் விற்கப் போகாமல் வண்டியை ஊருக்கே திருப்பினார்.

டாக்டர் செண்பகவல்லி வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஒரு விவசாயியின் மகள். கறம்பக்குடியில் அவர் மருத்துவமனை திறந்தபோது, எங்கள் பகுதி பார்த்த முதல் பெண் மருத்துவர் அவர்தான். "பொம்பளப் புள்ள டாக்டருக்குப் படிச்சு யாருக்கு வைத்தியம் பாக்கப் போவுது?" என்று ஊரார் கேட்டார்களாம். "ஊர்ல பாதிப் பேரு பொம்பளைங்கதானேங்க, அது போதும் எனக்கு" என்றாராம் இவர். எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் அவரே சொல்லிச் சிரித்தது இது.

அவர் மருத்துவமனை வராந்தாவில் கிடந்த நீளப் பெஞ்சில் உங்களில் பலர் உட்கார்ந்திருப்பீர்கள். ஊரில் அதற்கு மாமியார் பெஞ்சு என்று பெயர். எங்கள் பக்கத்தில் மருமகளுக்கு வயிறு வலித்தால் மாமியார்தான் சொல்வார்; மனைவிக்குத் தலை சுற்றினால் கணவன்தான் சொல்வான். டாக்டரம்மா அதை ஒப்புக்கொள்ளவே மாட்டார். "நோவு யாருக்கு? அவங்க பேசட்டும். நீங்க அங்கிட்டுப் போய் உக்காருங்க" என்று கூட வந்தவரைப் பெஞ்சுக்கு அனுப்பிவிடுவார்.

நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது அம்மாவுக்கு அடிக்கடி மயக்கம் வந்தது. நடவு வயலில் ஒருநாள் விழுந்தே விட்டார். நூலகத்தில் உடல்நலப் புத்தகங்களைப் புரட்டி, அம்மாவின் தொல்லைகளை வரிசையாக நோட்டில் எழுதிக்கொண்டேன். டாக்டரம்மா முன்னால் அப்பா, "ஒண்ணுமில்லைங்க, வாய்வுதான்" என்று தொடங்கினார். நான் விடுவேனா? "இரத்தசோகை, டாக்டர்!" என்று நோட்டைப் பிரித்தேன்.

அவர் முழுவதையும் பொறுமையாகப் படித்தார். "கெட்டிக்காரிதான். மயக்கம் யாருக்கு?"

"அம்மாவுக்கு."

"அப்ப நீயும் ஒங்கப்பாவோட வெளிய போ."

"கட்டுனவன் நானு, வெளிய நிக்கணுமா?" என்று அப்பா முறைத்தார்.

"நிக்க வேணாம். பெஞ்சு இருக்கு, உக்காருங்க" என்றார் டாக்டரம்மா.

பெஞ்சில் ஏற்கெனவே இருந்த ஓர் அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்துவிட்டு, "ஏம்புள்ள, ஒம்மருமகளுக்கு என்ன?" என்று கேட்டார். பெஞ்சே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது.

உள்ளே நடந்ததை அம்மா பிறகு சொன்னார். டாக்டரம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம், காத்திருந்தாராம். அம்மாவும் வெகுநேரம் தரையைப் பார்த்தபடியே இருந்தாராம். பிறகுதான் சொல்லியிருக்கிறார்: மாதக்கணக்காக உதிரப்போக்கு நிற்கவில்லை, வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. என் நோட்டில் இல்லாதது அது ஒன்றுதான்.

அப்பாவை அழைத்தபோதும் டாக்டரம்மா தானாக எதையும் சொல்லவில்லை. "நீங்களே சொல்லுங்க, நான் பக்கத்துல இருக்கேன்" என்று அம்மாவைத்தான் பேச வைத்தார். புதுக்கோட்டையில் அறுவை சிகிச்சை நடந்து, கருப்பையிலிருந்த கட்டியை எடுத்தார்கள். "இன்னும் கொஞ்ச நாள் மறைச்சிருந்தா ஒங்கம்மா நமக்குக் கெடைச்சிருக்க மாட்டாங்க" என்று டாக்டரம்மா என்னிடம் சொன்னார். இந்த வருடமும் அம்மா நடவுக்குப் போனார்.

போன வாரம் டாக்டரம்மாவுக்கு அஞ்சலிக் கூட்டம் நடந்தது. அம்மா சார்பில் நான் வாசிக்க இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். பெயரைக் கூப்பிட்டதும் அம்மா எழுந்து, "நானே பேசுறேன்" என்று போய்விட்டார். மைக் முன்னால் அவருக்குப் பேச்சு வரவில்லை. எனக்கோ முதல் வரி நாக்கு நுனியில் நின்றது. நான் சொல்லவில்லை.

"எனக்கு ரத்தம் நிக்காமப் போயிக்கிட்டே இருந்துச்சு" என்றார் அம்மா, ஆண்களும் பெண்களுமாக நிறைந்திருந்த அந்தக் கூட்டத்தில். "கட்டுன மனுசன்கிட்டகூடச் சொல்லல. மொதல்ல சொன்னது இந்த டாக்டரம்மாகிட்டதான். ஒங்க வீட்டுலயும் யாராச்சும் இப்புடி மறைச்சுக்கிட்டு இருப்பாங்க. போய்க் கேளுங்க."

முன்வரிசையில் இருந்த அப்பா தலை குனியவில்லை.

ஒருவர் தன் வலியைச் சொல்லத் தயங்கும்போது, அவருக்காக நான் பேசிவிடாமல் காத்திருப்பது: டாக்டரம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான். டாக்டராக ஆசைப்படும் எனக்கு மருத்துவம் படிக்க இடம் கிடைக்குமோ என்னவோ, இதில் நான் தேறிவிடுவேன்.