ரம்பம் ஆடிய வாரம்

மயிலாப்பூரில் நான் நடத்தும் போட்டோ பிரேம் கடையில், சட்டங்களின் முனையைச் சாய்வாக அறுக்க ஒரு மின்ரம்பம் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு மறுநாள் அதை ஓட்டியதும் மேஜையோடு சேர்ந்து ஆடத் தொடங்கியது. அறுத்த மூலை ஒன்றுகூட ஒழுங்காகச் சேரவில்லை. பிளேடு விற்றவனைத் திட்டிக்கொண்டே புது பிளேடு மாட்டினேன். தரையைத் திட்டி, மேஜைக் காலுக்கு அடியில் அட்டை சொருகினேன். ஒரு வாரம் முழுக்க மெஷினை ஒரு கையால் அமுக்கிப் பிடித்து, முகத்தைக் கிட்டே வைத்துக்கொண்டு அறுத்தேன்.

திருவல்லிக்கேணியிலிருந்து வந்த மெக்கானிக் முதலில் பிளக்கைப் பிடுங்கினார். பிளேடைப் பிடித்திருக்கும் போல்ட்டில் ஸ்பேனரை வைக்கப் போனவர், சந்தேகப்பட்டு வெறும் விரலால் திருப்பினார். அது கழன்று கையோடு வந்தது.

"இன்னாக்கா இது? இன்னும் ரெண்டு சட்டம் அறுத்திருந்தா பிளேடு உன் மூஞ்சிலதான்!"

நான் மேஜையை விட்டு இரண்டடி தள்ளி நின்றேன்.

பிளேடை எடுத்தார். அது படிந்து உட்கார வேண்டிய வட்டத்தில், காய்ந்து கெட்டியாக ஒரு திட்டு. கோபத்தில் பிளேடு மாற்றியபோது நான் அதைக் கவனிக்கவே இல்லை.

"சந்தனம் கீதுக்கா. இதுமேல பிளேடு எப்டி நேரா குந்தும்? ஆடி ஆடியே போல்ட்டு லூசாய்க்கீது."

சுரண்டித் துடைத்து முடுக்கினார். ரம்பம் அசையாமல் ஓடியது.

பூஜையன்று பிளேடைக் கழற்றி, உள்ளேயும் ஒரு பொட்டு இருக்கட்டும் என்று வைத்தவள் நான்தான். இந்த வருஷமும் யார் விரலுக்கும் எதுவும் ஆகக்கூடாது என்று வேண்டிக்கொண்டு வைத்தேன்.